கொரோனா வார்டில் நர்ஸ்கள் சுமந்தது என்ன?

கொரோனாக் காலத்தில் நர்ஸ்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், ராப்பகலா வேலை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வேலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வெறும் வேலைப்பளு என்றால் பத்து நாள் வீட்டில் தூங்கி எழுந்ததும் சரியாகிவிட வேண்டும். கொரோனா வார்டுகளை மூடிப் பல வருஷம் கழித்தும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த சில நர்ஸ்களுக்கு மானிட்டரின் பீப் சத்தம் கனவில் கேட்கிறது. அருமையாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, ஐசியு டியூட்டி என்றாலே மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறாள். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இந்த மன அழுத்தம் என்றால் என்ன, அது எங்கெங்கிருந்து வருகிறது என்று மருத்துவம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். முக்கியமாக, நர்ஸ் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் ஸ்ட்ரெஸ் என்றால் என்ன? 1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, எலிகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய ஓட்டம், மருந்து என்று எதைக் கொடுத்துப் பார்த்தாலும் எலியின் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது. முதலில் பதறியது, அப்புறம் சமாளித்தது, தொல்லை விடாமல் தொடர்ந்தபோது ஓய்ந்து விழுந்தது. மனித உடம்பும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கவனம் கூர்மையாகிறது. நோயாளிக்கு மூச்சு நின்றுவிட்டது என்று குரல் வந்த மாத்திரத்தில் நர்ஸை ஓட வைப்பது இதுதான். இது நல்லது, வேண்டியதும்கூட. பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து உடம்பை அந்த நிலையில் தாங்கிப் பிடிக்கிறது. ஆபத்து விலகியதும் இரண்டும் இறங்கிவிட வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்காமலே நின்றால் தூக்கம் கெடுகிறது, வயிறு கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஞாபகம் தடுமாறுகிறது.

செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி உண்டு. மழைக்கு நிரம்பும், வருஷம் முழுக்க மொள்ளுவார்கள். மொள்ளுவது ஒருநாளும் ஊருணியைக் கெடுத்ததில்லை. வரத்துக்கால் அடைபட்டுப் போன வருஷம்தான் தரை தெரியும். நர்ஸின் மனசும் அப்படித்தான் என்று மாணவிகளிடம் சொல்வேன். தினமும் கொடுக்கிற வேலை அது. தூக்கம், சாப்பாடு, வீட்டுப் பேச்சு, கூட வேலை பார்க்கிறவளோடு குடிக்கிற டீ, குணமாகிப் போகிற நோயாளி கும்பிட்டுச் சொல்லும் ஒரு வார்த்தை என்று பல வாய்க்கால்களில் வரத்து இருக்கும். கொரோனா இந்த வரத்தையெல்லாம் ஒரே சமயத்தில் அடைத்தது.

சாப்பாட்டையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது 2021 மே மாதம். மே 21 அன்று ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. சரியாகக் கத்திரி வெயில் நேரம். சிவகங்கைச் சீமையின் கத்திரியைத் தெரியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். நடு மத்தியானத்தில் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைந்துவிடும். அந்த வெயிலில், காற்றுப் புகாத பிபிஇ கிட், உள்ளே என்95 மாஸ்க், மேலே ஃபேஸ் ஷீல்ட், கையில் இரண்டு அடுக்கு கிளவுஸ். போட்டால் ஆறு மணி நேரத்துக்குக் கழற்ற முடியாது, ஆள் வராவிட்டால் அதற்கு மேலும் ஆகும். நடுவில் பாத்ரூம் போக முடியாது என்பதால் டியூட்டிக்கு முன்னாலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களிலும் அதே ஆறு மணி நேரம்தான். கழற்றும்போது கவுனுக்குள்ளிருந்து வியர்வை வழியும், மூக்குத் தண்டில் மாஸ்க்கின் கம்பி பதிந்து புண்ணாகியிருக்கும். எல்லோரும் ஒரே வெள்ளை உருவமாக இருந்ததால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பேரை எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதாவிட்டால் நோயாளிக்கு மட்டுமல்ல, கூட நிற்கிற நர்ஸுக்கே யார் யாரென்று தெரியாது.

உடம்பு படும் பாட்டுக்குப் பக்கத்திலேயே பயமும் இருந்தது. தன் உயிருக்குப் பயம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நான் கேட்டவர்களில் அநேகம் பேர் சொன்னது வேறு: "நாம கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டா?" வீட்டில் சர்க்கரை வியாதி மாமியார் இருப்பார், கைக்குழந்தை இருக்கும். கொல்லைப்புறமாக வந்து, வாளித் தண்ணீரில் தலைக்கு ஊற்றி, உடுப்பை சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, அதற்கப்புறமும் பிள்ளையைத் தொடாமல் திண்ணையில் படுத்தவர்கள் உண்டு. டியூட்டி முடித்துத் தனிமையில் வைக்கப்பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது, வீடியோ காலில்தான் பிள்ளை முகம். இப்படிப்பட்ட பயத்துக்கு டியூட்டி நேரம் என்று ஒன்று இல்லை. வார்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது பெரிதாகும். கார்ட்டிசால் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் ஊர். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டல் மனசாரத் தட்டியதுதான். ஆனால் அடுத்த மாதமே சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்று ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் கல் விழவில்லை. ஆனால் வாடகைக்கு இருந்த நர்ஸிடம் "கொஞ்ச நாளைக்கு வேற இடம் பாத்துக்கம்மா" என்று சொன்ன வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். பால்காரர் தெருமுனையிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். அவர்களும் பயந்தவர்கள்தான், அது புரிகிறது. இருந்தாலும் பன்னிரண்டு மணி நேரம் ஊருக்காக நின்றுவிட்டு வருகிறவளுக்கு அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வருகிற சுமை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க அறவியல் அறிஞர், நர்ஸ்களின் வேலையைப் பற்றி எழுதும்போது அதற்கு மாரல் டிஸ்ட்ரெஸ் என்று பேர் வைத்தார். மனசாட்சி நெருக்கடி என்று சொல்லலாம். செய்ய வேண்டியது இன்னதென்று நர்ஸுக்கு நன்றாகத் தெரியும். செய்யவும் தெரியும். ஆனால் ஆள் இல்லை, பெட் இல்லை, விதி விடவில்லை, மேலே உள்ளவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதோ ஒன்று கையைக் கட்டிப்போடுகிறது. அப்போது வருகிற வேதனைதான் அது. குழப்பத்தில் வருகிற வேதனையிலிருந்து இது வேறு. குழப்பமாக இருந்தால் 'எனக்குத் தெரியவில்லையே' என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இங்கே தெரிந்திருந்தது என்பதுதான் உறுத்தல்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சொன்னதை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், எண்பதை ஒட்டிய வயது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் துணைக்கு ஒரு வேலைக்கார அம்மாவோடு இருந்தவர். மகன் சிங்கப்பூரில். விமானம் கிடையாது, கிடைத்தாலும் வார்டுக்குள் விடமாட்டார்கள். இந்த மாதிரி ஆச்சிகள் நம் பக்கத்து வார்டுகளில் நிறையப் பேர் இருந்தார்கள். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் ஊர்கள் இவை. அன்று ராத்திரி ஆச்சிக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, இறங்கிக்கொண்டே வந்தது. பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர் ஆக்ஸிஜன் போயும் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்டார்கள், அங்கே பெட் இல்லை. இவள் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு மகனைக் கூப்பிட்டு, ஆச்சியின் காதுப் பக்கம் பிடித்தாள். "ஆத்தா, நான் பேசுறேன் ஆத்தா" என்று மகன் கூப்பிட, ஆச்சியின் விரல் லேசாக அசைந்தது. பையில் பிள்ளையார்பட்டித் திருநீறு இருக்கும், கொஞ்சம் நெற்றியில் பூசிவிடுங்கள் சிஸ்டர் என்றார் மகன். இரண்டு கிளவுஸ் போட்ட விரலால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் இவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, வார்டின் மறுகோடியில் ஒருவர் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து நடக்கப் பார்த்தார். ஆக்ஸிஜன் குறைந்தால் அப்படித்தான், சித்தம் கலங்கிவிடும். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினாள். அவரைப் படுக்க வைத்து, மாஸ்க் மாட்டி, குப்புறத் திருப்பி, அளவு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆச்சி போய்விட்டிருந்தார். திரையில் மகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. காப்பாற்ற முடிகிற உயிரைத் தேடி ஓடினாள், அவர் பிழைத்து வீட்டுக்கும் போனார். நான் சொன்னேன், அவள் மேலதிகாரி சொன்னார், அந்த மகனே போனில் நன்றி சொன்னார். ஆனாலும் "போனை வச்சுட்டுப் போயிட்டேன் மேடம்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். அங்கே இன்னொரு நர்ஸ் இருந்திருந்தால் இந்த வாக்கியமே பிறந்திருக்காது. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது நம் நாட்டு நர்சிங் கவுன்சில் சொல்கிற அளவு. இவள் இருந்தது சாதாரண ஆக்ஸிஜன் வார்டு, அந்த அளவு இதற்குப் பொருந்தாதுதான். ஆனாலும் வார்டு முழுக்கத் தனியாள். ஆள் பற்றாக்குறையாக இருந்தது, ஒரு பெண்ணின் நெஞ்சில் குற்ற உணர்வாக மாறி உட்கார்ந்துவிட்டது. மனசாட்சி நெருக்கடி வேலை செய்கிற விதமே இதுதான். நிர்வாகத்தின் கணக்கில் வர வேண்டிய குறையைத் தனிமனுஷி தன் கணக்கில் எழுதிக்கொள்கிறாள்.

இதோடு துக்கமும் சேரும். நம் ஊரில் சாவு என்றால் கேதம் கேட்க ஆள் வரும். பந்தல் போட்டு, வந்தவர்கள் கையைப் பிடித்து, எப்படி இருந்தது, என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சொல்லிச் சொல்லித்தான் பாரம் குறையும். கொரோனாவில் குடும்பத்துக்கே அது கிடைக்கவில்லை, மூட்டை மாதிரி கட்டி நேரே மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். சரி, கடைசி ஐந்தாறு நாள் வாயில் கஞ்சி ஊற்றி, தலை வாரிவிட்டு, பேரன் கதை கேட்டுக்கொண்டிருந்த நர்ஸிடம் கேதம் கேட்டது யார்? அவளுக்கு அந்த ஆச்சி ரத்த உறவு இல்லை, அதனால் அழ உரிமையும் இல்லை என்று ஊர் நினைக்கிறது, அவளும் நினைக்கிறாள். இப்படி ஊர் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற பேராசிரியர் 1980-களிலேயே எழுதியிருக்கிறார். துக்கம் என்றே யாரும் ஒத்துக்கொள்ளாத துக்கம் ஆறுவதற்கு ரொம்ப நாள் பிடிக்கும். அதுவும் ஒரு வாரத்தில் ஐந்து பேர் போனால், முதல் ஆளுக்கு அழுது முடிப்பதற்குள் ஐந்தாவது ஆள் வந்துவிடுகிறார்.

இவ்வளவும் சேர்ந்து நாள்பட்டால் வருவது பர்ன்அவுட். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலே உருவாக்கினார். அவர் கண்ட மூன்று அடையாளங்களை எந்த வார்டிலும் பார்க்கலாம். உள்ளுக்குள் எதுவுமே மிச்சமில்லை என்ற வறட்சி முதலாவது. அடுத்தது ஒரு விலகல்: "கண்டனூர் ஐயா" என்று கூப்பிட்டவள், "பதினாலாம் பெட்" என்று கூப்பிடத் தொடங்குவாள். மூன்றாவது, நான் செய்கிற எதற்கும் பிரயோஜனம் இல்லை என்கிற நினைப்பு. இரண்டாவதைப் பார்த்துவிட்டு "அந்த சிஸ்டருக்கு இரக்கமே இல்லை" என்று நோயாளியின் உறவினர்கள் கோபப்படுகிறார்கள். அநேகமாக இரக்கம் அதிகமாக இருந்தவளுக்குத்தான் அப்படி ஆகிறது. இன்னும் ஒரு பேர் மனசைத் தாக்க முடியாதபடி அவள் மனம் கதவைச் சாத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது, அதை நோய் என்று எழுதவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியது. இந்த ஒரு வரிக்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்வேன். பழுது எங்கே இருக்கிறது என்று அது சரியாகக் காட்டுகிறது.

தொற்று போனதும் இதுவும் தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. 2003-இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று வந்தபோது டொரான்டோ நகரத்தில் அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைப் பணியாளர்களை ஓராண்டுக்கு மேல் கழித்து ஆராய்ந்தார்கள். சார்ஸ் பார்க்காத மருத்துவமனைக்காரர்களைவிட இவர்களிடம் பர்ன்அவுட்டும் மன உளைச்சலும் அதிகமாகவே இருந்தன. அந்தத் தொற்று சில மாதங்களில் அடங்கிவிட்டது. நமக்கு நடந்தது வருஷக்கணக்கில்.

சரி, என்ன செய்யலாம்? யோகா வகுப்பும் தியானமும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பிடித்தவர்கள் செய்யட்டும். ஆனால் தொடர்ந்து நைட் டியூட்டி போட்டுவிட்டு, அதன் முடிவில் "மனசை லேசா வச்சுக்குங்க" என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பதில் நியாயம் இல்லை. முதல் மருந்து ஆள். உலகம் முழுக்க ஏறக்குறைய 2.8 கோடி நர்ஸ்கள் இருக்கிறார்கள், இன்னும் 59 லட்சம் பேர் குறைகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் சொன்னது. தமிழ்நாட்டிலோ, கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்கள் பலருக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை போனது. உயிரைப் பணயம் வைத்தவர்கள் வேலைக்காகப் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. தேவதை, வீராங்கனை என்ற பட்டங்களைக் கேட்டு அவர்கள் வரவில்லை. வேலை நிரந்தரம், தேதி தவறாத சம்பளம், முன்கூட்டியே தெரிகிற டியூட்டிப் பட்டியல், இவை மனநல சிகிச்சையில் சேர்த்தி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வார்டுக்குள் செலவில்லாமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. புதிதாக வந்தவளை அனுபவசாலி ஒருத்தியோடு ஜோடி சேர்த்துப் போடுவது நல்ல பலன் தரும். கடினமான வார்டையும் லேசான வார்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஓவர் கொடுக்கும்போது, அதாவது அடுத்த டியூட்டிக்காரரிடம் வார்டை ஒப்படைக்கும்போது, நோயாளியின் கணக்கோடு, "உனக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். பெரிய துயரம் நடந்த மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை விவரமாகச் சொல்லு என்று கட்டாயப்படுத்துவதால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகிறது. உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச நினைக்கிறவள் பேசட்டும், மற்றவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது. நைட் முடித்து வந்தவளிடம் "இன்னைக்கு எத்தனை பேரு போனாங்க?" என்று கேட்காதீர்கள். அறையை இருட்டாக்கித் தூங்க விடுங்கள். பகல் தூக்கம் சோம்பேறித்தனம் என்று மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னால் நீங்கள் பதில் சொல்லுங்கள், அவளைச் சொல்ல விடாதீர்கள். அவளாகப் பேசத் தொடங்கினால் "அதையெல்லாம் நினைக்காதே" என்று மறிக்காமல் கடைசி வரை கேளுங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் வீட்டு ஆறுதலோடு நிறுத்தக் கூடாது. நடந்த காட்சி ஒரு மாதத்துக்கு மேலாகியும் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் போவது, தூக்க மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வது (மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் நர்ஸ்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்), இருந்து என்ன பிரயோஜனம் என்று பேசுவது. கடைசியில் சொன்னது காதில் விழுந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தான் வேலை பார்க்கிற இடத்திலேயே சீட்டு எழுதி உட்காரக் கூச்சமாக இருந்தால் சிவகங்கைக்காரர்கள் புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ போகலாம், அதில் தப்பே இல்லை. கூட ஒருவர் போனால் நல்லது.